பத்துக்கு இரண்டு

சோஷியல் டீச்சருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. செய்தித்தாளைத் திருத்துவாள்.

பள்ளி விட்டு வந்து முகம் கழுவியதும் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற ஒற்றைப் படியில் உட்கார்ந்துகொள்வாள். அன்றைய பேப்பரில் யாராவது ஒரு பெரிய மனிதர் வாய் திறந்திருப்பார். அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி, சிவப்புப் பேனாவால் மார்க் போடுவாள். விலை ஏன் ஏறுகிறது என்று கேட்டதற்கு முன்னோர்களின் வீரத்தைப் பற்றி அரைப்பக்கம் பேசிய அமைச்சருக்கு ஐந்துக்குப் பூஜ்யம்: ‘கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று.’ அதே வாரம் எதிர்க்கட்சித் தலைவரும் அதே முன்னோர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்தபோது அவருக்கும் பூஜ்யம்: ‘பக்கத்தில் பார்த்து எழுதியது.’ கட்சி மாறியவரின் அறிக்கைக்குக் கீழே, ‘விடை பழையதுதான், மேலே பெயரை மட்டும் அடித்து எழுதியிருக்கிறது’ என்று போட்டாள். ஆறு வருடத்தில் நான்கு நோட்டு நிரம்பியிருந்தது. ஒருவரும் பாஸ் ஆகவில்லை.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சிவப்பு முட்டை தெரியும். எட்டிப் பார்த்து, இன்றைக்கும் ஃபெயிலா என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போவாள்.

அம்மா துணிக் கம்பெனியில் இஸ்திரிப் பிரிவில் வேலை பார்த்தாள். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை நின்றபடி வேலை. இருபத்தோரு வருடம். கெண்டைக்காலில் நரம்பெல்லாம் சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தது. நிற்காதீர்கள் என்று சொன்ன டாக்டரிடம், நிற்காமல் எப்படி அயர்ன் பண்ணுவது என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் மாத்திரை எழுதினார். அந்தக் கால்களின் மேல் நின்றுதான் மகள் பட்டம் வாங்கினாள். அந்தக் குடும்பத்தில் அதற்கு முன்னால் காலேஜ் கேட்டுக்குள் போனவர்கள் கட்டடம் கட்டப் போனவர்கள்தான்.

எட்டு வருடமாக அவள் தற்காலிக ஆசிரியை. நிரந்தர ஆசிரியர் செய்யும் எல்லா வேலையும் செய்யலாம், நிரந்தரமாக மட்டும் இருக்கக்கூடாது. ஒவ்வொரு ஜூனிலும் போ என்று சொல்வார்கள், ஒவ்வொரு ஜூலையிலும் வா என்று சொல்வார்கள். இந்த வருடம் நிரந்தரமாக்கப் போகிறவர்களின் பட்டியல் ஒன்று தயாராகியிருந்தது. மாதக் கடைசியில் வரப்போகும் அந்தப் பட்டியலில் அவள் பெயர் பதினோராவது என்று கல்வி அலுவலக டைப்பிஸ்ட் ஜாடையாகச் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட அன்றைக்கு அம்மா ஒரு வார்த்தைதான் சொன்னாள். “ஆர்டர் கைக்கு வரட்டும். வந்த அன்னைக்கு உட்காருறேன்.”

இனி நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கல்வி அலுவலகத்திலிருந்து வரும் சுற்றறிக்கையை ஒரு அட்டைக் கோப்பில் செருகி, பியூன் அண்ணன் வகுப்பு வகுப்பாக எடுத்து வருவார். படித்துவிட்டு அவரவர் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, கையெழுத்துப் போடுவார். அந்தக் காகிதமே அலுவலகத்துக்குத் திரும்பிப் போகும், எல்லோரும் படித்துவிட்டார்கள் என்பதற்கு அத்தாட்சியாக. யாரும் படிப்பதில்லை. நிற்கிற ஆளை நிறுத்தி வைக்கக்கூடாதே என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள்.

அந்தத் திங்கட்கிழமை மூன்றாம் பீரியடில் ஒன்பதாம் வகுப்பு வரைபடம் வரைந்துகொண்டிருந்தது. அவள் அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு தாளில் முப்பத்தெட்டு முடிந்திருந்தது. பேப்பர் திருத்துகிறவர்களுக்குத் தெரியும், முப்பதைத் தாண்டினால் மூளை ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், கை மட்டும் வேலை செய்யும். பியூன் அண்ணன் வந்து, அடுத்த தாளின் மேல் கோப்பை விரித்து வைத்துவிட்டு, ஜன்னலோரம் நின்று கொட்டாவி விட்டார்.

அவள் படித்தாள். மற்றவர்கள் செய்யாத அந்தக் காரியத்தை அவள் எப்போதும் செய்வாள்.

‘கடந்த ஐந்தாண்டுகளில் நமது கல்வித்துறை இதுவரை காணாத உயரத்தை எட்டியுள்ளது’ என்று ஆரம்பித்தது. கை ‘ஆதாரம்?’ என்று எழுதியது. ‘அனைத்து வகுப்புகளுக்கும் ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டுவிட்டனர்.’ ஏழாம் வகுப்புக்கு ஒன்றரை வருடமாக ஆங்கிலத்துக்கு ஆளில்லை. கை அதன் கீழே அலைக்கோடு போட்டு, ‘தவறு’ என்றது. ‘அனைத்துப் பள்ளிகளிலும் குடிநீர், கழிப்பறை வசதிகள் நிறைவு செய்யப்பட்டுள்ளன.’ ‘எந்தப் பள்ளியில்? உதாரணம் தரவும்.’ ‘எனவே வரும் புதன்கிழமை மாண்புமிகு அமைச்சரை வரவேற்க மாணவர்கள் காலை ஒன்பது மணி முதல் சாலையின் இருபுறமும் கொடியுடன் நிற்க வேண்டும்.’ ‘முதல் மூன்று பத்திக்கும் இதற்கும் தொடர்பில்லை.’ அடியில் கோடு இழுத்து, வட்டம் போட்டு, பத்துக்கு இரண்டு. அதற்கும் கீழே, மோசமான தாள்களுக்கு எட்டு வருடமாக எழுதிவரும் அதே வரி: ‘பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வரவும்.’

தன் பெயருக்கு நேரே சுருக்கொப்பமும் வைத்தாள். கோப்பை மூடி ஓரமாகத் தள்ளி, அடுத்த தாளை எடுத்தாள்.

கோபத்தில் செய்தாள் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். வீரம் என்றார்கள், திமிர் என்றார்கள். ஒரு மண்ணும் இல்லை. தையற்காரனின் கைக்கு அடங்காத கத்தரி மாதிரி, அந்தப் பேனா தானாகப் போயிற்று. வீட்டுப் படியில் ஆறு வருடம் பழக்கியிருந்த கை அது.

அவளுக்குப் பிறகு ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஏழு பேரும் சிவப்பு மையைப் பார்த்தார்கள். அறிவியல் டீச்சர் பார்க்காததுபோல் போட்டார். கணக்கு சார் சிரித்துவிட்டு, மொத்தம் சரியாக இருக்கிறதா என்று கூட்டிப் பார்த்தாராம். ஓடிப்போய் ஒரு வார்த்தை, டீச்சர் என்ன இப்படிச் செய்துவிட்டீர்கள் என்று சொல்ல, ஏழு பேரில் ஒருவருக்கும் கால் வரவில்லை. பெரிய டீச்சர் வழக்கம்போல் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். காகிதம் போய்விட்டது.

அலுவலகத்திலும் இரண்டு நாள் யாரும் படிக்கவில்லை. புதன்கிழமை பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். பன்னிரண்டரைக்குக் கறுப்புக் கண்ணாடி ஏற்றிய கார்கள் ஆறு போயின. எதில் அமைச்சர் இருந்தார் என்று தெரியாததால் பிள்ளைகள் ஆறுக்கும் கொடி ஆட்டினார்கள். ஆறாம் வகுப்புப் பெண் ஒன்று மயங்கி விழுந்தது. டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்க் கடையில் தண்ணீர் கேட்டாள், பள்ளியில் இல்லாததால்.

அன்று சாயங்காலம்தான் டைப்பிஸ்ட் கோப்பைத் திறந்தார். வாய்விட்டுச் சிரித்தார். சிரித்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாமல் ஒரு படம் பிடித்து ஒரே ஒருவருக்கு அனுப்பினார். வியாழன் காலையில் ஊரே பார்த்திருந்தது.

ஒரு நாள் அவள் ராணியாக இருந்தாள். அதையும் சொல்லாமல் விட முடியாது. பஸ் கண்டக்டர் எழுந்து தன் சீட்டைக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர், எங்கள் கவுன்சிலருக்கும் ஒரு டெஸ்ட் வையுங்கள் டீச்சர் என்றார். பள்ளி வாசலில் மூன்று அம்மாக்கள் கையைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டீர்கள் என்றார்கள். நினைத்ததை நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பெரிய டீச்சர் கூப்பிட்டார். அறைக்கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கல்வி அதிகாரி அவளை நேரில் வரச் சொன்னதைச் சொன்னார். பட்டியல் அவர் மேஜையில்தான் இருக்கிறது, இன்னும் கையெழுத்தாகவில்லை என்றார். மற்ற குறிப்புகளைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார் போலிருக்கிறது, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வா என்றதுதான் நெஞ்சில் தைத்துவிட்டது, அவர் அப்பா போன மாதம்தான் தவறினார் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஏதாவது பிள்ளை கிறுக்கிடுச்சுன்னு சொல்லிடலாம். உன் மேஜையிலதான பேனா கிடக்கும். ஒரு பேரு சொல்லு, டி.சி. கொடுத்து அனுப்பிட்டா முடிஞ்சுது.”

“யார் பேரைச் சொல்றது மேடம்?”

“எதுக்கும் உதவாதது ஒண்ணு எல்லா கிளாஸ்லயும் இருக்குமே.”

அவள் வெளியே வந்துவிட்டாள். அந்த அறையில் இன்னும் ஒரு நிமிடம் இருந்திருந்தால் ஒரு பெயர் மனதில் வந்திருக்கும் என்று பயமாக இருந்தது. அந்தப் பயம் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

வாசலில் அம்மாக்கள் நின்றிருந்தார்கள். அவளைக் கண்டதும் பிள்ளைகளின் பையைச் சரி செய்வதில் மும்முரமானார்கள். அதிகாரி கூப்பிட்ட செய்தி அவளுக்கு முன்னாலேயே வாசலுக்கு வந்திருந்தது. பஸ்ஸில் அதே கண்டக்டர், உள்ளே போ உள்ளே போ என்று எல்லோரையும்போல அவளையும் நெட்டினார்.

வீட்டில் சொன்னாள். அம்மா கத்தவில்லை. சுடுதண்ணீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடி முழுதும் கேட்டாள்.

“நீ எழுதினது உண்மைதானே?”

“உண்மைதாம்மா.”

“தண்ணி இல்லைன்னு அங்க வேலை பாக்கறவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அந்த ஆபீசருக்கு?”

“அவருக்கும் தெரியும்.”

“எல்லாருக்கும் தெரிஞ்சதை நீ எதுக்குடி எழுதின?”

எட்டு வருடமாக வகுப்பில் இவளிடம் யாரும் கேட்காத கேள்வி. பதில் தெரியாத பிள்ளைகள் தரையைப் பார்ப்பார்கள். அவளும் பார்த்தாள். வாளியில் அம்மாவின் கால் வெந்த கத்திரிக்காய்போல நிறம் மாறிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அலுவலகம் போனாள். திட்டுவார், கோப்பைத் தூக்கி எறிவார், பதிலுக்கு நாமும் நாலு கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்திருந்தாள். அதிகாரி எழுந்து நாற்காலியைக் காட்டினார். டீ வரவழைத்தார். தானும் பதினாலு வருடம் பேப்பர் திருத்தியவன், ஒரு சீசனில் அறுநூறு தாள், விரல் காய்த்துவிடும் என்று கட்டைவிரலைக் காட்டினார். காய்ப்பு உண்மையாகவே இருந்தது. திட்டுகிறவனிடம் சண்டை போடலாம். டீ கொடுக்கிறவனை என்ன செய்வது?

சுற்றறிக்கையை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“ஒண்ணு மட்டும் புரியல. அந்த ரெண்டு மார்க் எதுக்குப் போட்டீங்க?”

“தேதியும் விலாசமும் சரியா இருந்துச்சு சார்.”

அவர் சிரித்தார். நடிப்பில்லை, வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு கணம் இருவரும் ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருக்கும் இரண்டு வாத்தியார்கள். அவளுக்கு நம்பிக்கைகூட வந்தது.

“நீங்க எழுதினது ஒண்ணுகூடத் தப்பில்ல டீச்சர்,” என்றார். “அதை நான் எழுதலை, மேலேருந்து வந்தது. அவங்களுக்கு அவங்க மேலேருந்து. இப்போ இந்தப் படம் அவங்களும் பாத்துட்டாங்க. எனக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு.”

“நான் என்ன சார் செய்யணும்?”

“மறுமதிப்பீடு செஞ்சிடுங்க.”

அவளுக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். மன்னிப்புக் கடிதம் வேண்டாம், அதை யாரும் படிக்க மாட்டார்கள். இதே தாளில், இதே சிவப்பு மையில், ஒவ்வொரு குறிப்பையும் அடித்து, பக்கத்தில் ‘சரி’ என்று போட வேண்டும். இரண்டை அடித்துப் பத்து ஆக்க வேண்டும். கையெழுத்து, தேதி. படம் பிடித்து, முதல் படம் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் அனுப்பிவிடலாம். பட்டியலை அவள் முன்னாலேயே எடுத்துப் பிரித்தார். பதினொன்று. அவள் பெயர், அவள் பட்டம், அவள் பிறந்த தேதி.

அவள் பையைத் துழாவி, சிவப்புப் பேனா எடுத்து வரவில்லை என்றாள். எடுத்து வந்திருந்தாள். கடைசியாக ஒரு பொய் சொல்லிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அதிகாரி இழுப்பறையைத் திறந்தார். அது நிறைய சிவப்புப் பேனா.

எட்டு வருடத்தில் அவள் யாருக்கும் பத்துக்குப் பத்து போட்டதில்லை. சோஷியலில் முழு மார்க் கிடையாது, எவ்வளவு எழுதினாலும் ஒன்று மிச்சம் இருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்வாள். ‘ஆதாரம்?’ என்பதை அடித்தாள். ‘தவறு’ என்பதை அடித்து ‘சரி’ என்று போட்டாள். கழிப்பறைக்கு ‘சரி’. குடிநீருக்கு ‘சரி’. பெற்றோர் வரியைப் பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி அடித்தாள், செத்துப்போன ஒரு கிழவருக்காக அதை மட்டும் மனதோடு செய்தாள். வட்டத்துக்குள் பத்து. அதிகாரி, ‘மிக நன்று’ என்றும் போடச் சொன்னார். போட்டாள். அம்மா உட்காருவாள், அம்மா உட்காருவாள் என்று சொல்லிக்கொண்டே போட்டாள்.

படம் மதியத்துக்குள் போய்விட்டது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, யாரும் திட்டவும் இல்லை. மருந்துக்கடைக்காரர் அவள் போகும்போது மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். கூடத்து மூலையில் இருந்த நான்கு நோட்டையும் அவள் அம்மாவின் பழைய சேலையில் சுற்றி அலமாரி மேல் போட்டாள்.

அரையாண்டுத் தாள்களைத் திங்கட்கிழமை கொடுத்தாள். கேள்விக்குறி என்று ஸ்டாஃப் ரூமில் பெயர் வாங்கிய ஒரு பெண், ஒல்லியாக, எப்போதும் முதல் பெஞ்சில் இருப்பவள், மணி அடித்த பிறகும் போகாமல் நின்றாள். ‘உங்கள் பள்ளியில் உள்ள அடிப்படை வசதிகள் பற்றி எழுதுக’ என்ற கேள்விக்கு அவள், குழாய் இருக்கிறது தண்ணீர் இல்லை, கழிப்பறை இருக்கிறது கதவு இல்லை, அதனால் நாங்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்று எழுதியிருந்தாள். பத்துக்கு ஒன்பது. அந்த வருடத்தின் அதிக மார்க்.

தாளை நீட்டினாள். அவள் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

“டீச்சர், அப்பா போன்ல பாத்தேன். அதுக்குப் பத்துன்னா, இது தப்புதானே? குறைச்சுக்குறீங்களா?”

“வேண்டாம். இருக்கட்டும்.”

“அடுத்த வருஷம் பப்ளிக்ல இந்தக் கேள்வி வந்தா எதை எழுதறது டீச்சர்?”

திருத்தப் போகிறவர் யாரென்று யாருக்குத் தெரியும். வேறு ஊரில் எவரோ ஒருவர், அறுநூறு தாள், காய்த்த கட்டைவிரல், மேலே ஒருவர், அவருக்கு மேலே ஒருவர். இந்தப் பெண்ணுக்கு மார்க் வேண்டும். மார்க் இல்லாவிட்டால் இவளுக்கும் எங்கேயாவது ஒரு இஸ்திரி மேஜை காத்திருக்கும்.

“அதையே எழுது,” என்றாள் டீச்சர்.

“எதை?”

“சர்க்குலர்ல இருக்கறதை.”

பெண் தலையாட்டினாள். நான்காக மடித்துத் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுவதும் அவள் வகுப்பில் எதுவும் கேட்கவில்லை. நல்ல பிள்ளையாக ஆகிவிட்டாள் என்று அறிவியல் டீச்சர் சந்தோஷப்பட்டார்.

மாதக் கடைசி வியாழக்கிழமை, மூன்றாம் பீரியட், பியூன் அண்ணன் கோப்போடு வந்தார். வகுப்பு வரைபடத்தை விட்டுவிட்டு அவள் கையைப் பார்த்தது. ஐம்பத்திரண்டு ஜோடிக் கண். மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவைத் தள்ளி வைத்து, முதல் பெஞ்சை நோக்கிக் கையை நீட்டினாள். கேள்விக்குறி தன் நீலப் பேனாவைக் கொடுத்தாள். டீச்சர் தன் பெயரைத் தேடி, அதற்கு நேரே கையெழுத்துப் போட்டு, கோப்பை மூடிக் கொடுத்தாள். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. முதல் முறையாக.

அதில் என்ன இருந்தது என்று மதியம் கணக்கு சார் சொல்லித்தான் தெரிந்தது. தேர்தல் நெருங்குவதால், தற்காலிக ஆசிரியர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைக்கப்படுகிறது. ஆசிரியர்கள் இதற்கு முழுமனதுடன் இசைவு தெரிவித்துக் கீழே ஒப்பமிட்டுள்ளனர்.

“நீங்க படிச்சிட்டுத்தானே போட்டிருப்பீங்க டீச்சர்,” என்றார் கணக்கு சார். “நீங்கதான் எப்பவும் படிப்பீங்களே.”

மாதக் கடைசி, ஆர்டர் எப்படியும் வந்துவிடும் என்று நம்பி அம்மா அன்று காலைதான் சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தாள், நாளையிலிருந்து வர மாட்டேன் என்று. அவள் மேஜைக்கு மதியமே வேறு ஆள் வந்துவிட்டது. டீச்சர் வீட்டுக்குப் போனபோது, வழக்கமாக ஆறரைக்கு வருகிறவள் நாலரைக்கே வந்து, கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.